ஓட்ஸ் வாங்கப் போன சனிக்கிழமை

1

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். அதன் பிறகு எழுதியதெல்லாம் கையொப்பமும், பெயின்ட் டிரம் மூடியில் போடும் எண்களும்தான். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒன்றுதான். மலர்க்குழுத் தம்பிமார் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

நம் ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டு மலரில் வெளிநாட்டில் இருக்கிறவர்களின் பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். கனடாவிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் எழுதுகிறார்கள். பனியைப் பற்றி, பாதாள ரயிலைப் பற்றி, பிள்ளைகள் தமிழ் பேசாததைப் பற்றி. இந்தியாவில் இருந்து ஒருவரும் எழுதவில்லை, நீங்கள் எழுதுங்கோ என்று போன வருடமே கேட்டிருந்தீர்கள். நாங்கள் கடலுக்கு இந்தப் பக்கம்தானே இருக்கிறோம், இதெல்லாம் வெளிநாடா என்று நினைத்துப் பேசாமல் விட்டுவிட்டேன்.

இப்போது எழுதக் காரணம் வேறு. நானும் மனைவி றஞ்சியும் மகள் நிலானியும் போன வருடம் ஊருக்குத் திரும்பி வருவதாக இருந்தது. உங்களில் சிலர் எங்கள் வளவைத் துப்புரவாக்கி, கிணறு இறைத்து வைத்தீர்கள். றஞ்சியின் அம்மா, என் மாமி, வாசலில் கதிரை போட்டு இருந்தா என்று கேள்விப்பட்டேன். நாங்கள் வரவில்லை. அரசாங்கக் கடதாசி வரவில்லை என்று போனில் சொல்லி வைத்தோம். அது பொய். இந்தக் கிழமையோடு ஒரு வருடம் முடிகிறது. நடந்ததை எழுதுகிறேன்.

2

தொண்ணூறில், பதினொரு வயதில், அப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் வந்தவன் நான். இப்போது கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் இருக்கிறோம். அப்பா இங்கேதான் செத்தார். நான் பெயின்டர். தொழிற்பேட்டைக் கம்பெனிகளின் கூரைத் தகடு, தண்ணீர்க் குழாய், எண்ணெய்த் தொட்டி எல்லாவற்றுக்கும் அடிப்பேன். அறுபது அடி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை செய்ய எனக்குப் பயம் கிடையாது. கீழே இறங்கி, சம்பளச் சீட்டில் ஒரு பிழை இருக்கிறது என்று சொல்லத்தான் பயம்.

றஞ்சி வந்தது பிறகு, பதினேழு வயதில், அக்காவின் குடும்பத்தோடு. சண்டை முடிந்ததும் அக்கா திரும்பிப் போய்விட்டா. றஞ்சி என்னைக் கட்டியதால் நின்றுவிட்டாள். இருபத்தைந்து வருடமாகத் தாயின் முகத்தைக் கைபேசியில்தான் பார்க்கிறாள். இப்போது தாய்க்குக் கண் போய்விட்டது. ஆகவே இவள் பக்கம் மட்டும்தான் பார்வை.

எங்கள் வீட்டில் மூன்று தமிழ் இருக்கிறது. றஞ்சியிடம் ஊர்த் தமிழ். நிலானியிடம் இந்தப் பக்கத்துத் தமிழ். நான் இரண்டையும் அரைகுறையாக வைத்துக்கொண்டு, கூடியவரை வாயைத் திறக்காமல் இருக்கிறேன். வந்த புதிதில் கடையில் சோப்புக்குச் சவர்க்காரம் என்று கேட்டேன். கடையில் நின்றவர்கள் ஒரு வாரம் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு விரலால் காட்டித்தான் சாமான் வாங்கினேன். சூப்பர் மார்க்கெட்டுகள் வந்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. யாரிடமும் கேட்க வேண்டாம். நாமே எடுத்துக் கூடையில் போடலாம்.

நிலானி பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடமே என்னை நைனா என்று கூப்பிடத் தொடங்கினாள். இந்த ஆந்திரா எல்லைப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அப்பா எண்டு சொல்ல வாய் நோகுதோ?" என்று றஞ்சி கேட்பாள். பிள்ளை சிரித்துக்கொண்டு ஓடிவிடும். பி.காம் முடித்தாள். எந்த நாட்டுப் பிள்ளை என்று கேட்கிற இடத்தில் எழுத ஒன்றும் இல்லாததால் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. திருவள்ளூர்ப் பக்கத்தில், காக்களூரில், பாக்கெட்டில் அடைத்த சாப்பாட்டுச் சாமான் செய்கிற கம்பெனியில் ஒப்பந்த வேலை. பாக்கெட்டில் அச்சடித்திருப்பது சரியா என்று பார்க்கிற வேலை. அங்கேயே விடுதியில் தங்கி, பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருவாள்.

ஊருக்குப் போவது என்று முடிவெடுத்தது றஞ்சி. நிலானி அப்போதே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்: "நான் வர்ல. அங்க போயி இன்னா பேசுறது? வாயத் தொறந்தாலே சிரிப்பாங்க." தாயும் மகளும் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு, அம்மா ஊருக்குப் போகட்டும், கூட வந்து விட்டுவிட்டு என்ன செய்வதென்று பார்க்கிறேன் என்று இறங்கி வந்தாள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. நான் தலையாட்டினேன். முப்பது வருடமாக நான் எதற்கும் தலையாட்டுகிறவன் என்பதால் அதுவே போதுமென்று இருந்துவிட்டார்கள்.

3

றஞ்சிக்குச் சர்க்கரை வியாதி. விமானத்தில் போக உடல்நிலைச் சான்று வேண்டும். ஆஸ்பத்திரி டாக்டர் சின்ன வயதுக்காரர், நல்ல பிள்ளை. சர்க்கரை மூன்று மாதத்தில் இறங்கினால் எழுதித் தருகிறேன் என்றார். காலையில் இட்லி, தோசை, புட்டு வேண்டாம், ஓட்ஸ் மாதிரி ஏதாவது சாப்பிடுங்கள், இனிப்புச் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள் என்றார். காலைச் சாப்பாடு சரியாக அமைந்தால் றஞ்சி தாயிடம் போகலாம். எனக்கு அப்படித்தான் விளங்கியது.

அன்றே புதுவாயல் சந்திப்பில் இருக்கிற சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். காலைச் சாப்பாட்டுக்கென்று ஒரு தட்டு முழுக்கப் பெட்டிகள். எல்லாம் ஆங்கிலம். ஒரு பெட்டியில் சிவப்பு இருதயம் போட்டு, கோதுமைக் கதிர் போட்டு, இடுப்பில் அளவு நாடா சுற்றிய மெலிந்த பெண்ணின் படம் இருந்தது. முந்திரி, உலர்ந்த திராட்சை, தேன் துளி எல்லாம் படத்தில் இருந்தன. முகாமில் நோய் வருத்தக்காரரைப் பார்க்கப் போகிறவர்கள் கொண்டுபோகிற சாமான்கள் இவைதான். இதைவிட நல்லது என்ன இருக்கப் போகிறது என்று ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் றஞ்சி அதைப் பாலில் போட்டுச் சாப்பிட்டாள். "நல்லாத்தான் கிடக்கு, இனிக்குது" என்றாள். அடுத்த இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை முன்பைவிட ஏறியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிலானி வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். எங்களுக்கு ஒரு பெட்டிக்குப் பின்பக்கம் இருக்கிறதே தெரியாது.

"நைனா, படத்தப் பாத்து வாங்காத. பின்னாடி பொடி எழுத்து கீது பாரு. எது மொதல்ல எழுதிக்கீதோ அதான் நெறைய போட்டுக்கீறாங்கன்னு அர்த்தம். இதுல ரெண்டாவதே சக்கரை. நாலாவது வேற பேர்ல சக்கரை. ஏழாவது தேனு."

"வேற பேரிலையும் போடுவாங்களோ?" என்று றஞ்சி கேட்டாள்.

"அதான்மா எங்க கம்பெனில எனக்கு வேலையே," என்றாள் பிள்ளை. மூவரும் சிரித்தோம். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து வெகு நாளாகியிருந்தது.

சர்க்கரைக்கு இருக்கிற ஒன்பது பெயர்களையும் நிலானி ஆங்கிலத்தில் எழுதித் தந்தாள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்தின் உருவத்தைப் பார்த்துப் பொருத்தலாம். பெயின்ட் நிறத்தை அட்டையோடு வைத்துப் பார்க்கிறவனுக்கு அது கஷ்டமில்லை. அடுத்த முறை வெறும் ஓட்ஸ் மட்டும் உள்ள பெட்டியைச் சரியாக எடுத்து வந்தேன். இரண்டு மாதத்தில் சர்க்கரை இறங்கியது. டாக்டர் சான்று எழுதித் தந்தார். றஞ்சி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சேலைகளுக்கு நடுவில் வைத்தாள்.

4

முகாமில் மாதம் ஒரு முறை ஆள் சரிபார்ப்பு நடக்கும். நாங்கள் செக்கிங் என்போம். அதிகாரி பெயரை வாசிக்க, ஒவ்வொருவரும் எழுந்து முகத்தைக் காட்ட வேண்டும். அந்த மாதம் நாலு குடும்பம் ஊர் திரும்பக் கேட்டிருந்தது. அவர்களுக்கு ஒரு வேலை கூடுதல். குடும்பத் தலைவரை முன்னால் கூப்பிட்டு, யாரும் வற்புறுத்தவில்லையே, சொந்த விருப்பத்தில்தானே போகிறீர்கள் என்று அதிகாரி கேட்பார். தலைவர் தன் வாயால், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஓம் சொந்த விருப்பம்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவரையும் கட்டாயமாக ஏற்றி அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக வைத்த நல்ல ஏற்பாடு அது.

ஒரு வாரம் முன்னதாகவே சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் எளாவூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் காலித் தொட்டிக்கு உள்பக்கம் அடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே நின்று அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். தொட்டிக்குள் குரல் பெரிதாக வந்தது. வேறு யாரோ சொல்வது போல இருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்குச் செக்கிங். ஏழு மணிக்கே றஞ்சி நல்ல சேலை கட்டிவிட்டாள். நிலானி முதல்நாளே லீவு போட்டு வந்திருந்தாள். ஓட்ஸ் பெட்டியில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. நாளைக்கு வாங்கலாம் என்றாள் றஞ்சி. நான்தான், ஒன்பது மணிக்குக் கடை திறப்பான், போய்விட்டு ஒன்பதரைக்கு வந்துவிடுகிறேன் என்று புறப்பட்டேன்.

கடையில் அந்தத் தட்டையே மாற்றி அடுக்கியிருந்தார்கள். என் பெட்டி இருந்த இடத்தில் வேறு பெட்டி. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பினேன். அங்கே வேலை செய்கிற பெண் பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பிள்ளை. என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்தது.

"இன்னாண்ணா, பரீட்சைக்குப் படிக்கிற மாரி படிச்சிக்கினு கீறீங்க?"

சீனி போடாதது வேண்டும் என்றேன். சீனி என்றதும் ஒரு கணம் பார்த்தது. பிறகு விளங்கிக்கொண்டு, கீழ்த் தட்டில் இருந்து சரியான பெட்டியை எடுத்துத் தந்தது.

"எங்கம்மாவுக்கும் சுகருதாண்ணா. இதக் குடுத்தா, மாட்டுக்கு வைக்கிறத எனக்கு வைக்கிறியான்னு கேக்குது. உங்க ஊட்ல துன்றாங்களா?"

ஊருக்குப் போக வேண்டும், அதனால் சாப்பிடுகிறா என்றேன். அந்நியரிடம் நான் அவ்வளவு பேசியதே அதிகம். பணம் கட்டி வெளியே வந்தேன். ஷேர் ஆட்டோ நின்றது. டிரைவர் என்னைத் தெரிந்தவர்.

"வா சிலோன் அண்ணே, ஒரே ஒரு சீட்டுதான் கீது. உனக்கோசரம்தான் நிக்குது."

நேரம் இருந்தது. ஆட்டோ இருந்தது. கையில் சரியான பெட்டி இருந்தது. நான் ஆட்டோக்காரரிடம், ஒன்று மறந்துவிட்டேன், நீங்கள் போங்கள் என்றேன். திரும்பவும் கடைக்குள் போனேன்.

5

அந்தத் தட்டுக்கு முன்னால் போய் நின்று, இடது ஓரத்தில் இருந்து முதல் பெட்டியை எடுத்துத் திருப்பினேன். பட்டியலோடு பொருத்தினேன். வைத்தேன். அடுத்ததை எடுத்தேன்.

கைபேசி அடித்தது. றஞ்சியின் பெயர். நான் எடுக்கவில்லை. நின்றது. திரும்ப அடித்தது. அந்தப் பெண் பக்கத்தில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தது. "போனு அடிக்குதுண்ணா" என்றது. தலையாட்டினேன். மூன்றாவது முறை அடித்தபோது குரலைத் தாழ்த்தி, "ஊட்ல சண்டையாண்ணா?" என்று கேட்டது. இல்லை என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு அது என் பக்கம் வரவில்லை.

சோளம், கோதுமை, கம்பு, கேழ்வரகு, தேன் போட்டது, சாக்லேட் போட்டது, குழந்தைகளுக்கானது. எல்லாவற்றின் பின்பக்கத்தையும் பார்த்தேன். வாழ்நாளில் நான் அவ்வளவு வாசித்ததில்லை. பன்னிரண்டு மணிக்குத்தான் முகாமுக்குத் திரும்பினேன்.

எதற்காக அப்படிச் செய்தேன் என்று ஒரு வருடமாக என்னையே கேட்கிறேன். ஊர் மேல் வெறுப்பில்லை. ஊர் எனக்கு ஞாபகமில்லை, அதுதான் உண்மை. பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒரு வெடிப்பு, வள்ளத்தில் என் காலில் ஏறிய தண்ணீர், இன்னும் ஓரிரண்டு. மற்றதெல்லாம் றஞ்சி சொல்லிச் சொல்லி எனக்கு வந்த ஞாபகம். அங்கே வந்தால் வலை இழுக்கத் தெரியாது. வளவின் எல்லை எதுவென்று தெரியாது. இந்த வயதில் ஒவ்வொரு வாசலிலும் நின்று, நான் இன்னாரின் மகன் என்று சொல்ல வேண்டும். இங்கே வாயைத் திறக்காமல் இருக்க ஒரு வழி கண்டுபிடிக்க எனக்கு முப்பது வருடம் ஆனது. அங்கே வந்து அதைத் திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டும் என்று நினைத்தபோது, கால் கடைக்குள் போய்விட்டது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தால் உங்களுக்கு எழுதியிருப்பேன். இல்லை.

அதிகாரி பதினொன்றரை வரைக்கும் காத்திருந்தாராம். மற்ற மூன்று குடும்பத் தலைவர்களும் சொல்லிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி கைம்பெண், ரோட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாளாம். எங்கள் பெயருக்கு நேரே வரவில்லை என்று எழுதி, மறுபடியும் மனுப் போடுங்கள் என்று றஞ்சியிடம் இரக்கமாகத்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவரில் ஒரு குற்றமும் இல்லை.

ஆட்டோ கிடைக்கவில்லை, போன் பைக்குள் இருந்தது, கேட்கவில்லை என்றேன். றஞ்சி சேலையை மாற்றினாள். நிலானி பையில் இருந்து பெட்டியை எடுத்தாள். பில்லும் கூட வந்தது. அதைப் பார்த்தாள். என்னை வெளியே, தண்ணீர்க் குழாயடிக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனாள்.

"நைனா, பில்லுல டைம் போட்டுக்கீது. ஒம்பது இருவத்திரெண்டு."

நான் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"போவ மாட்டேன்னு நான் சொன்னேன். சொல்லிக்கினு வந்து உக்காந்தேன். நீ ஒண்ணுமே சொல்லலியே நைனா."

பில்லைக் கிழித்துச் சாக்கடையில் போட்டாள். அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வந்தவள் மாதம் ஒரு முறை ஆனாள். பிறகு பண்டிகைக்கு மட்டும். கூட வேலை என்கிறாள். தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை வயிற்றுக்குள் வைத்திருக்க அவளால் முடியவில்லை. ஊருக்குப் போகக் கூடாது என்று நின்ற பிள்ளையை நான் இங்கேயே இல்லாமல் ஆக்கிவிட்டேன்.

6

புது மனுவுக்காகத் திருவள்ளூருக்குப் பஸ் மாறி மாறிப் போனேன். இந்த இடத்தில் அந்தக் கடிதம், அந்த இடத்தில் இந்தக் கடிதம். ஒரு கடிதத்தில் என் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தது, அதற்கு இரண்டு மாதம். வரிசையில் நிற்பது எனக்குப் பழக்கம், அதனால் நின்றேன். ஏழு மாதம் கழித்து மறுபடியும் நாள் குறித்தார்கள். அதற்கு மூன்று வாரம் முன்னால் றஞ்சியின் கால்கள் வீங்கின. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். இப்போது வாரம் மூன்று நாள் சென்னை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்கிறார்கள். முன்பு சான்று எழுதித் தந்த அதே டாக்டரிடம் போனேன். இனிப் பயணம் வேண்டாம் அண்ணா, எழுதித் தர முடியாது என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஓட்ஸையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இந்த வியாதிக்கு அது ஆகாதாம், வெள்ளைச் சோறும் இட்லியும்தான் நல்லதாம்.

நேற்று ஆஸ்பத்திரியில் இருந்து மதிய ரயிலில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். கூட்டம் இல்லை. அவள் ஜன்னலோரம் இருந்தாள். மலருக்கு எழுதப் போகிறேன் என்றேன். என்ன எழுதப் போறீங்கள் என்று கேட்டாள். பொன்னேரி தாண்டியதும் சொன்னேன். ஆட்டோ நின்றதையும், போன் மூன்று முறை அடித்ததையும், நான் பெட்டிகளைத் திருப்பிக்கொண்டு நின்றதையும் சொன்னேன். என் குரல் அவளுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். ஊசி குத்திய கையை மடியில் வைத்திருந்தாள். ரயில் கும்மிடிப்பூண்டிக்கு வந்து நின்று, ஆட்கள் எல்லாம் இறங்கிய பிறகுதான் பேசினாள்.

"ஏலாதெண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். மனுவில என்ர பேரைக் குடும்பத் தலைவராப் போடச் சொல்லியிருப்பன். நானே எழும்பிச் சொல்லியிருப்பன்."

அந்த யோசனை எனக்கு ஒருநாளும் வரவில்லை. எழும்ப அவளுக்குக் கை கொடுத்தேன். கையைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்து எழும்பினாள். பிளாட்பாரத்தில் கொஞ்ச தூரம் நடந்து, மூச்சு வாங்கி நின்றாள். நான் பின்னால் நின்றேன். திரும்பாமலே சொன்னாள்.

"எழுதுங்கோ. ஆனா அம்மாவுக்கு வாசிச்சுக் காட்ட வேண்டாமெண்டு அதிலையே எழுதி விடுங்கோ. கடதாசி இன்னும் வரேல்லை எண்டே சொல்லட்டும்."

அவள் சொன்னபடி எழுதுகிறேன். மலர் வந்ததும் வழமை போல யாராவது மாமிக்குப் பக்கத்தில் இருந்து வாசிப்பீர்கள். இந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டு, அடுத்தவர் எழுதியதை வாசியுங்கள். இந்தியாவில் இருந்து யாரும் எழுதவில்லையோ என்று மாமி கேட்டா என்றால், இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

கும்மிடிப்பூண்டி
கார்த்திகை 6, சனிக்கிழமை